லசிசியின் அண்டா

ஐஸ் மீன் கிடங்கில் பதினோரு வருஷம் மூட்டை தூக்கியவரைப் பிள்ளைப்பேற்று மருத்துவமனையில் வேலைக்கு வைத்தபோது, எங்கள் டாக்டர் எனிட்டானுக்கு வெயிலில் மூளை காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் அல்ல. நேராகப் போய்க் கேட்டேன். "குளிருக்குப் பயப்படாத ஆள் வேணும் சிஸ்டர், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். எங்கள் ஊர் இபாதானில் அப்படி ஓர் ஆளைத் தேடினால் போடிஜா சந்தைக்குப் பின்னால் இருக்கும் மீன் கிடங்குகளில்தான் கிடைப்பார். அப்படித்தான் லசிசி வந்து சேர்ந்தார்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட மூன்று வயது பெரியவர். விரல் நுனியெல்லாம் குளிரில் மரத்து, தோல் வெளுத்துப் போயிருந்தது. அவருக்குக் கொடுத்த வேலை, கொல்லைப்புறத்து அறையில் இருந்த அலுமினிய அண்டாவைப் பார்த்துக்கொள்வது. இடுப்பு உயரம், பெரிய மூடி. உள்ளே திரவ நைட்ரஜன், அதற்குள்ளே பிள்ளைகள். பிள்ளைகள் என்று லசிசி சொல்வார். பரிசோதனைக்கூடத்துப் பெண்கள் கரு என்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நீளக் கம்பி, கம்பி நுனியில் வைக்கோல்போல மெல்லிய குழாய், குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் பிள்ளை. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அப்படியே இருக்கும், வளராது, வயதாகாது.

நைட்ரஜன் தானாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். லாகோஸிலிருந்து வரும் லாரியில் நிரப்பி வாங்கி, நாலு நாளைக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். லசிசி ஒரு மரக்கோலை அண்டாவுக்குள் விட்டு எடுத்து காற்றில் ஒரு வீசு வீசுவார். கோலில் பனி படிந்த இடம் வரைக்கும் திரவம் இருக்கிறது என்று கணக்கு. இதைக் காலையும் மாலையும் செய்தார், ஞாயிற்றுக்கிழமை உட்பட. ஊரில் கரண்ட் போனால் உடனே போன் அடிக்கும். யாராவது ஒரு தாய், "அண்ணே, கரண்ட் இல்லையே, என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்பாள். "இவங்களுக்குக் கரண்ட் வேண்டாம்மா. இந்த ஊர்லயே கரண்டை நம்பாத ஆளுங்க இவங்க மட்டும்தான்" என்பார் லசிசி.

பழைய சந்தைக்காரிகள் அவரை விடுவார்களா? மீனை விட்டுவிட்டு இப்போது பிள்ளையை ஐஸில் போடுகிறாயாமே என்று தெருவிலேயே கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். "மீன் செத்த பிறகு ஐஸுக்குள்ள வருது. இவங்க பொறக்கறதுக்கு முன்னாடி வர்றாங்க. ரெண்டும் ஒண்ணா?"

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு வணக்கம் உண்டு. உழைக்கிறவருக்கு ஒன்று, பயணம் போகிறவருக்கு ஒன்று, காத்து நிற்கிறவருக்கு ஒன்று. லசிசி காலையில் அறைக்குள் நுழைந்ததும் அண்டாவுக்கு முன்னால் நின்று, காத்து நிற்கிறவர்களுக்கான வணக்கத்தைச் சொல்வார். முதல் தடவை கேட்டபோது நான் கேலி செய்தேன். இரண்டாம் தடவை கேலி செய்ய மனம் வரவில்லை.

என் வேலை மறுமுனையில். நான் மருத்துவச்சி. பிறந்ததைக் கழுவி, தராசில் போட்டு, எடையைப் பதிவேட்டில் எழுதுகிறவள். இரண்டு மூன்று வருஷம் போனதும் ஒரு சங்கதி என் கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. ஊசி போட்டு முட்டை எடுத்த அதே வாரத்தில் கருப்பைக்குள் வைத்த பிள்ளைகள் கொஞ்சம் இளைத்துப் பிறந்தன. அண்டாவில் இருந்துவிட்டு வந்தவை கொழுக்கென்று பிறந்தன. எல்லாம் அல்ல, ஆனால் பல. துணியில் சுற்றித் தூக்கும்போதே, "இது லசிசி அண்ணன் பிள்ளை" என்று சொல்லிவிடுவேன். முக்கால்வாசி சரியாக இருக்கும்.

ஒருநாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் எனிட்டான் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். வெளிநாடுகளில் ஆயிரமாயிரம் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து இதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார். சராசரியாக நூறு, இருநூறு கிராம் வித்தியாசம், ஓர் ஆரஞ்சுப் பழத்தின் கனம். ஏன் என்று கேட்டேன். உடனே வைக்கும்போது தாயின் உடம்பு ஊசி மருந்தில் ஊறிக் கிடக்கிறது, கருப்பை களைத்திருக்கிறது, அதனால் இருக்கலாம். பனியில் வைத்து எடுக்கும்போது கருப்பை ஓய்ந்திருக்கிறது, அதனால் இருக்கலாம். உறைய வைத்து உருக்குவதிலேயே ஏதோ இருக்கலாம். "முழுசா யாருக்கும் தெரியாது சிஸ்டர்" என்றார் அவர். அவ்வளவு படித்த மனுஷி தெரியாது என்று சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

லசிசியிடம் போய்ச் சொன்னேன். அவர் போய் அண்டாவின் மூடிமேல் கையை வைத்தார். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி, எந்த வழியாக, எந்த வாரத்தில் உள்ளே போனோம் என்பதை ஒன்பது மாதம் ஞாபகம் வைத்துக்கொண்டு, தராசில் ஏறிச் சொல்கிறதே! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு மாலை கோலை வழக்கத்துக்கு மேல் இரண்டு தடவை விட்டுப் பார்த்தார்.

இப்போது அகின்வுமியின் கதைக்கு வருகிறேன். டயர் கடைக்காரர், ஒல்லி மனிதர், பேச்சும் குறைவு. மனைவி மொரெனிகே பள்ளிக்கூட ஆசிரியை. ஆறு வருஷம் பிள்ளை இல்லை. குறை அகின்வுமியிடம் இருந்தது. அதை வீட்டில் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை, மொரெனிகேயும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். எங்களிடம் வந்தபோது ஒரே நாளில், ஒரே தட்டில் இரண்டு கரு உண்டாயிற்று. ஒன்றை அந்த வாரமே வைத்தோம். இன்னொன்றை லசிசியின் அண்டாவுக்குள் இறக்கினோம். முதலில் வைத்தது பெண்ணாகப் பிறந்தது, இரண்டு கிலோ இருநூற்றைம்பது. இரெத்தி என்று பெயர் வைத்தார்கள். பூனைக்குட்டியைப்போல இருந்தாள், ஆனால் அவள் அழுதால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

அண்டாவில் மூன்று வருஷம் இருந்த பிறகு இரண்டாவதை எடுத்து வைத்தோம். அதுவும் கருப்பையில் தங்கிவிட்டது. நாற்பது வாரம் முழுசாக இருந்து, ஒரு திங்கட்கிழமை காலை பையன் வந்தான். தோள் வெளியே வருவதற்குள் எனக்குத் தெரிந்த துதிப்பாட்டு அத்தனையும் பாடி முடித்துவிட்டேன். தராசில் போட்டதும் முள் நாலு கிலோ நானூறில் போய் நின்றது. நான் தராசைத் தட்டிப் பார்த்தேன். பிள்ளையை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதே நாலு நானூறு. என் இருபது வருஷத்தில் அப்படி ஒருவனை இரண்டு மூன்று தடவைதான் தூக்கியிருப்பேன். கையில் கனக்கிறவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவன் உண்டானது மூன்றே முக்கால் வருஷத்துக்கு முன்னால், பிறந்தது இன்றைக்கு. நடுவில் எங்கே இருந்தான் என்று நினைத்தால் தலை சுற்றியது.

மத்தியானம் அகின்வுமியின் அத்தை அபிகே வந்தாள். ஓஜாபா சந்தையில் கிழங்கு மாவு விற்கிறவள். தராசு இல்லாமலே கையால் நிறுத்துச் சொல்லிவிடுவாள். பையனைத் தூக்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"எங்க வீட்டுப் புள்ளைங்க வெண்டைக்கா மாதிரி பொறக்கும். முதல்ல பொறந்தவளும் அப்படித்தான். இது வள்ளிக்கிழங்கால்ல வந்திருக்கு. எந்தத் தோட்டத்துக் கிழங்கும்மா இது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் மொரெனிகே சிரிக்கவில்லை. அகின்வுமியும் சிரிக்கவில்லை. அத்தைக்குச் சிகிச்சை விஷயம் தெரியாது, அதனால் அவள் மனசில் ஓடியது ஒன்று. அகின்வுமிக்குத் தெரியும், அதனால் அவர் மனசில் ஓடியது வேறொன்று. கையைப் பிசைந்துகொண்டு கட்டிலையே பார்த்தபடி நின்றார். எனக்கு அந்தக் கிழவி மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

வியாழக்கிழமை அகின்வுமி தனியாக டாக்டரைத் தேடி வந்தார். நானும் அறையில் இருந்தேன். லசிசி நைட்ரஜன் ரசீதில் கையெழுத்து வாங்க வாசலில் நின்றிருந்தார். பிள்ளை தன்னுடையதுதானா, அண்டாவில் மாறிப் போயிருக்குமா என்பதுதான் அகின்வுமியின் கேள்வி. ஒரே தட்டில் உண்டான இரண்டு பேரில் ஒருத்தி இரண்டே கால், இன்னொருவன் அதற்கு இரண்டு மடங்கு. எப்படி?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பனியிலிருந்து வந்தவர்கள் கனமாக இருப்பது உண்டுதான், ஆனால் அது ஓர் ஆரஞ்சுப் பழம். மிச்சத்துக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. முதல் பிள்ளை மூன்று வாரம் முந்தி வந்தவள். இரண்டாம் பிள்ளை பொதுவாகவே பெரிது. பையன். மொரெனிகேயின் அண்ணன்கள் கதவில் குனிந்து நுழைகிற ஆட்கள். எடை எதற்கும் சாட்சி ஆகாது, ஆம் என்பதற்கும் இல்லை, இல்லை என்பதற்கும் இல்லை. வேண்டுமானால் அப்பா, பிள்ளை இருவரின் ரத்த மாதிரியையும் எடுத்து அனுப்பலாம், மூன்று வாரத்தில் பதில் வந்துவிடும்.

"திங்கட்கிழமை எட்டாம் நாள் டாக்டர்" என்றார் அகின்வுமி. "ஊரையே கூப்பிட்டாச்சு. யாருன்னு தெரியாம நான் எப்படிப் பேர் வைப்பேன்?"

எட்டாம் நாள் பெயர் வைக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் என்ன கதி என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தகப்பன் பெயர் சொல்லாத பிள்ளை. அத்தை கேட்ட கேள்விக்கு ஊரே பதில் சொல்லிக்கொள்ளும்.

அவர் போன பிறகு நான் கொல்லைப்புறம் போனேன். லசிசி கால் ஆடும் ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரசீது கையில் கசங்கியிருந்தது.

"நான்தான் மாத்திட்டேன் சிஸ்டர்" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை நடந்தது அது. காலையில் பழைய அண்டாவின் வெளிச்சுவரில் பனி பூத்திருந்ததை அவர்தான் பார்த்தார். உள்சுவர் விட்டுப்போயிருந்தது, திரவம் விறுவிறுவென்று ஆவியாகிக்கொண்டிருந்தது. பரிசோதனைக்கூடத்துப் பெண்கள் ஒரு கல்யாணத்துக்கு லாகோஸ் போயிருந்தார்கள். எல்லாக் கம்பிகளையும் பக்கத்தில் காலியாக இருந்த மாற்று அண்டாவுக்கு மாற்றச் சொல்லி போனில் உத்தரவு வந்தது. ஒருவர் தூக்க வேண்டும், ஒருவர் எண்ணையும் பெயரையும் நிறத்தையும் உரக்கப் படிக்க வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் சட்டம். லசிசி தூக்கினார், நான் படித்தேன். மொத்தம் பத்தொன்பது குடும்பம். பதினேழு முடிந்தபோது பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள், தலை தெரிகிறது என்று. நான் ஓடினேன்.

"நீங்க வர்ற வரைக்கும் நான் நின்னிருக்கணும்" என்றார். "கோலை விட்டுப் பாத்தேன், அடியில ஒரு விரக்கடைதான் இருந்துச்சு. மிச்சம் ரெண்டு கம்பி. நானே தூக்கி நானே படிச்சு நானே வெச்சேன். பேரும் நிறமும் எழுதியிருக்கறது அண்டாக்குள்ள இருக்கற குழியிலதான், கம்பியில இல்ல. பச்சைக் குழி ஒண்ணு, நீலக் குழி ஒண்ணு. பச்சை இவங்களோடது. பனிப்புகை கண்ணை மறைச்சுது. எது எந்தக் குழிக்குப் போச்சுன்னு அன்னிக்குத் தெரியும்னு நெனச்சேன். இன்னிக்குத் தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் பன்னிரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்த நான், பத்தொன்பதுக்கும் கையெழுத்துப் போட்டேன். பார்க்காத இரண்டுக்கும் சேர்த்து. இத்தனை நாளும் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என் வேலை போய்விடும் என்று.

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். இரண்டு வருஷம் கழித்து இதைச் சொல்ல உங்களுக்கு யார் சொன்னது, மீன் புத்தி போகவில்லையா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். பிறகு பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து, பனியில் வந்த பிள்ளைகளின் எடையெல்லாம் விரல் வைத்துக் காட்டினேன். மூன்று ஐம்பது, மூன்று எழுநூறு, நாலு. ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதிவேட்டை மூடி என்னிடமே கொடுத்தார். இந்தப் பையனைத் தவிர அதில் நாலு நானூறு எங்கேயும் இல்லை.

நீலக் கம்பிக்குரிய தம்பதி இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுடைய பிள்ளை இன்னும் அண்டாவிலேயே இருந்தது. கம்பி மாறியிருந்தால் ஒரு வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டில் பிறக்க வைத்துவிட்டோம், அது போதாதென்று இந்த வீட்டுப் பிள்ளை பெயர் மாறிப் பனியில் கிடக்கிறது. இரண்டு பேரும் டாக்டரிடம் போய்ச் சொன்னோம். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தகப்பனிடம் மறைக்க முடியாது, நானே திங்கட்கிழமைக்குள் சொல்கிறேன் என்றார். "நான் சொல்றேன் டாக்டர்" என்றார் லசிசி. "தூக்குன கை என்னுது."

திங்கட்கிழமை காலை நாங்கள் போனபோது தெருவையே மறித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். தேன், உப்பு, தண்ணீர், கோலாக் கொட்டை எல்லாம் தட்டில் தயாராக இருந்தன. தகப்பன் மட்டும் வெளியே வரவில்லை. என்னை மருத்துவச்சி என்று வழிவிட்டார்கள், லசிசி என் பின்னாலேயே வந்தார். உள்ளறையில் அகின்வுமி சுவரோரமாக நின்றிருந்தார், மொரெனிகே கட்டிலில் பையனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லசிசி கதவைச் சாத்தினார். பிறகு அகின்வுமியின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் படுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் இளையவன்தான் மூத்தவன் முன்னால் அப்படி விழுவான். ஐம்பத்தைந்து வயது மனிதர் முப்பத்தெட்டு வயதுக்காரன் முன்னால் விழுந்து நான் பார்த்ததில்லை. அகின்வுமி பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினார். லசிசி எழவில்லை. முகம் தரையில் இருக்க, அந்தச் சனிக்கிழமையை முழுசாகச் சொன்னார். நான் நடுவில் ஓடிப்போனதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நானே சொன்னேன்.

சொல்லி முடித்தபோது கதவு திறந்திருந்தது. அத்தை அபிகே நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"வெளியில அத்தனை பேரும் காத்துக்கிட்டு இருக்காங்க. என்னடா கம்பி? என்ன அண்டா?"

அகின்வுமி ஒரு முறை மனைவியைப் பார்த்தார். பிறகு சொன்னார். தன் குறையிலிருந்து ஆரம்பித்து, ஊசி, தட்டு, பனி எல்லாவற்றையும், பத்து வருஷம் மென்று விழுங்கியதை, நின்ற இடத்தில் நின்று அத்தையிடம் சொல்லி முடித்தார். மொரெனிகேமேல் ஒரு குற்றமும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். அந்த மனிதர் மேல் அந்த நிமிஷம்தான் எனக்கு மரியாதை வந்தது.

அப்போது மொரெனிகே பேசினாள். ஒரு வாரமாக அவள் குரலையே நான் கேட்கவில்லை.

"எட்டு நாளா எல்லாரும் இவன் அப்பாவோட பிள்ளையான்னு கேக்கறீங்க. கம்பி மாறியிருந்தா இவன் எனக்கும் பிள்ளை இல்ல. அதை யாராவது கேட்டீங்களா? நான் கேட்டுப் பாத்தேன். கேட்டுட்டு மறுபடியும் பால்தான் கொடுத்தேன். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

அத்தை மெல்ல வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பையனைக் கையில் வாங்கி, மாவு நிறுக்கிற மாதிரி மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.

"இவனும் இரெத்தியும் ஒரே நாள்ல உண்டானவங்களா?"

ஒரே நாள், ஒரே தட்டு என்றேன்.

"அவ வெளிய வந்துட்டா. இவன் உள்ளேயே இருந்தானா? மூணு வருஷமா? சோறு தண்ணி இல்லாம?"

ஆமாம் என்றார் லசிசி, இன்னும் தரையில் இருந்தபடியே.

அத்தையின் கண் பெரிதானது. பையனை மடியில் கிடத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, கோயிலில் பேசுகிற மாதிரி பேசினாள்.

"டேய் அகின். இதுங்க இரட்டைடா. எந்த இரட்டையிலயும் முதல்ல வர்றவ பேரு தாய்வோ. நீ போய் உலகம் எப்படி இருக்கு, ருசி பாத்துட்டுச் சொல்லுன்னு கூடப்பொறந்தவன் அனுப்பி வெச்ச சின்னவ. பின்னால தங்கி நின்னு வர்றவன் கெஹிந்தே. அவன்தானே எப்பவும் மூத்தவன்? மத்த இரட்டைங்க கால் மணி நேரம் தங்குவாங்க. இவன் மூணு வருஷம் தங்கி, அவ நல்லாருக்கான்னு தெரிஞ்ச பிறகு வந்திருக்கான். மூத்தவன் சின்னவளைவிடப் பெருசா இல்லாம எப்படிடா இருப்பான்?"

இருபது வருஷம் எடை எழுதினேன், டாக்டர் வெளிநாட்டுக் கணக்கெல்லாம் படித்தார். ஏன் என்பதற்கு எங்களில் யாருக்கும் கிடைக்காத பதில், ஓஜாபா சந்தை மாவுக்காரிக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. அது அறிவியல் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் அதை நம்பினோம்.

கம்பி மாறியிருந்தால் என்று அகின்வுமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாறியிருந்தா அந்த வீட்டுக்காரங்க வந்து கேக்கட்டும், உக்காந்து பேசிக்கலாம்" என்றாள் அத்தை. "அதுவரைக்கும் இவ்வளவு தூரம் வந்து நிக்கிறவனைப் பேர் இல்லாம நிறுத்தி வெக்கிற வழக்கம் நம்ம வீட்ல கிடையாது. ஆனா நான் தூக்கிட்டுப் போக மாட்டேன். நீ தகப்பன். நீ தூக்கு."

அகின்வுமி நின்ற இடத்திலேயே நின்றார். வெளியே மேளக்காரன் ஒரு சுற்று வாசித்து ஓய்ந்தான். பிறகு அவர் குனிந்து பையனை வாங்கிக்கொண்டார். அவ்வளவு ஒல்லியான கைக்கு அந்தக் கனம் கொஞ்சம் அதிகம்தான், முழங்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். மற்றொரு கையால் லசிசியைப் பிடித்து எழுப்பினார். அப்படியே வெளியே போய், பந்தலில் அத்தனை பேர் முன்னாலும் கெஹிந்தே என்று உரக்கச் சொன்னார். கூட்டத்தில் குசுகுசுவென்று ஆரம்பித்தது, ஒற்றைப் பிள்ளைக்கு இரட்டையர் பெயரா என்று. அத்தை இரெத்தியை இழுத்துவந்து நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி, இவள் இன்றிலிருந்து தாய்வோ என்று சொன்னாள். சமையல்காரிகளைப் பார்த்து, இரட்டை பிறந்த வீட்டில் காராமணி வேகாமல் என்ன சமையல் என்று சத்தம் போட்டாள். அரிசி அடுப்பிலிருந்து இறங்கி, காராமணி அடுப்பில் ஏறியது. சாப்பாடு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கிடைத்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

இத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். லசிசிக்கு முடியவில்லை. அண்டாவைப் பார்த்துக்கொண்டார், கோலை விட்டார், நைட்ரஜன் ஊற்றினார். ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே மூடினார். இரண்டு வாரத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. பிள்ளைக்குப் பெயர் கிடைத்துவிட்டது, இனி என்ன என்று கேட்டேன். "நீலக் கம்பி இன்னும் உள்ளதான் இருக்கு சிஸ்டர். தினமும் பாக்கறேன்" என்றார். அந்தத் தம்பதிக்கு அடுத்த மாதம் வைப்பதாக இருந்தது. டாக்டர் அவர்களிடம் நடந்ததைச் சொல்லி, தேதியைத் தள்ளி வைத்திருந்தார். பரிசோதனைக்கு அகின்வுமியை வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்லை. பெயர் வைத்த பிள்ளைக்குப் பரிசோதனை எதற்கு என்று அவர் சொல்லிவிட்டால் அதோடு சரி.

மூன்றாவது வாரம் அகின்வுமி தானாகவே வந்தார், பையனையும் தூக்கிக்கொண்டு. நேராகக் கொல்லைப்புறம் போய் லசிசியைப் பார்த்தார். அவருடைய முகத்தையும் கழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, மாதிரி எடுக்கச் சொன்னார்.

"எனக்காக இல்ல சிஸ்டர்" என்றார். "எனக்கு வேண்டியது அன்னிக்கே கிடைச்சிருச்சு. இந்த மனுஷன் தூங்கணும்ல."

பரிசோதனைக் காகிதம் வந்த அன்று டாக்டர் அகின்வுமியைக் கூப்பிட்டனுப்பினார். மொரெனிகேயும் வந்திருந்தாள், லசிசியும் நானும் கூட இருந்தோம். டாக்டர் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அகின்வுமி கையை உயர்த்தினார். லசிசி அண்ணனிடம் சொல்லுங்கள் டாக்டர், நாங்கள் வெளியே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

டாக்டர் லசிசியிடம் சொன்னார். பிள்ளை அவர்களுடையதுதான். பச்சை பச்சைக் குழியில்தான் இருந்தது, அப்படியென்றால் நீலமும் அதன் இடத்தில்தான் இருக்கிறது. எதுவும் மாறவில்லை. லசிசி சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவர் அழவில்லை. பத்தொன்பதும் சரியா என்று கேட்டார். சரி என்றார் டாக்டர். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சரி என்றார். பிறகு முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அகின்வுமி பெஞ்சில் உட்கார்ந்து பையனின் குல்லாய்க் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். மொரெனிகே ஏறிட்டுப் பார்த்தாள், லசிசியின் முகத்தில் அவளுக்கு வேண்டியது இருந்தது, கண்ணை மூடிக்கொண்டாள். அகின்வுமி தலையைத் தூக்கவில்லை. முடிச்சு சரியாக விழவில்லை போலிருக்கிறது, அவிழ்த்து மறுபடியும் போட்டார். லசிசி சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் அகின்வுமி.

இல்லை என்றார் லசிசி.

"அப்ப வாங்க, போய்ச் சாப்பிடலாம். இவனைக் கொஞ்சம் பிடிங்க, என் கை மரத்துப்போச்சு" என்று சொல்லி, பையனைத் தூக்கி அவரிடம் கொடுத்தார். காகிதத்தில் என்ன இருந்தது என்று அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.